சரியான எண்ணிக்கை, தவறான பட்டியல்: முதன்மை எண் நிரலொன்றின் நிகழ்வு ஆய்வு

யாழ்ப்பாண நகரப் பாடசாலையொன்றின் உயர்தர மாணவர் சிலர், தமது பாடசாலைக் கண்காட்சிக்காக, ஆயிரம் மில்லியன் வரையான முதன்மை எண்கள் (பகா எண்கள்) அனைத்தையும் உருவாக்கும் நிரலொன்றை எழுத முற்பட்டனர். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் மாலை வகுப்புகளில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்பிக்கும் எனக்கு, அந்நிரலை வேகப்படுத்தும்போதும் அதன் விடையைச் சரிபார்க்கும்போதும் அவர்களுடன் இருந்து பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. நிரல் படிப்படியாக வேகம் பெற்றது. ஆனால் அதன் இரு படிகளில், வெளிப்பார்வைக்கு எந்தக் குறையும் தெரியாத நிலையில், பட்டியல் பிழையாக இருந்தது. அவற்றுள் ஒன்றில் முதன்மை எண்களின் மொத்த எண்ணிக்கை அச்சொட்டாகச் சரியாகவே வந்தது. அப்பிழைகள் எங்கே ஒளிந்திருந்தன, எந்தச் சோதனை அவற்றை வெளியே கொண்டுவந்தது என்பதையே இங்கு விரிவாக எழுதுகிறேன். வேகப்படுத்தும் முறைகளைப் பாடநூல்களிலும் இணையத்திலும் எவரும் தேடிப் படித்துவிடலாம். சரிபார்க்கும் முறையோ பெரும்பாலும் கற்பிக்கப்படுவதேயில்லை.

தொடக்க நிரல்

மாணவர் முதலில் எழுதியது, பரீட்சைக்குத் தயாராகும் எவரும் எழுதக்கூடிய பைதன் நிரல். ஓர் எண்ணை 2 இலிருந்து அதற்கு முந்திய எண் வரை ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்ப்பது. எதனாலும் மீதியின்றி வகுபடாவிட்டால் அதை முதன்மை எண் எனக் கொள்வது. இம்முறையில் ஒரு மில்லியன் வரை செல்ல எத்தனை வகுத்தல்கள் வேண்டும் என்பதை நிரலை இயக்காமலே கணிக்கலாம். ஒவ்வொரு முதன்மை எண்ணுக்கும் அதன் பெறுமானத்திலும் இரண்டு குறைவான வகுத்தல்கள் செய்யப்படுகின்றன. ஒரு மில்லியனுக்கு உட்பட்ட முதன்மை எண்கள் 78,498. அவற்றின் கூட்டுத்தொகை 37,550,402,023. ஆகவே முதன்மை எண்களுக்கு மட்டும் 37,550,245,027 வகுத்தல்கள் வேண்டும். செக்கனுக்குப் பத்து மில்லியன் வகுத்தல்கள் நடக்கின்றன என வைத்துக்கொண்டாலும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆகும். ஆயிரம் மில்லியனை இவ்வழியில் எட்டுவது நடவாத காரியம்.

வகுத்தலை வர்க்கமூலத்துடன் நிறுத்தினால் முதன்மை எண்களுக்கான வேலை ஏறத்தாழ 50 மில்லியன் வகுத்தல்களாகக் குறைகிறது. இரட்டை எண்களால் வகுப்பதைக் கைவிட்டால் அதுவும் பாதியாகும். ஏற்கெனவே கண்டுபிடித்த முதன்மை எண்களால் மட்டும் வகுத்தால் 9 மில்லியன் அளவுக்கு இறங்குகிறது. இந்தக் கட்டத்தில் ஒரு சிறு பிழை நேர்ந்தது. வளையத்தின் நிபந்தனையில், வகு எண்ணின் வர்க்கம் சோதிக்கப்படும் எண்ணுக்குச் சமமாகவோ குறைவாகவோ இருக்கும்வரை என எழுதவேண்டிய இடத்தில், குறைவாக இருக்கும்வரை என்று மட்டும் எழுதப்பட்டிருந்தது. அதனால் 9, 25, 49 ஆகிய மூன்றும் முதன்மை எண்களாக உள்ளே வந்து, நூறு வரையான எண்ணிக்கை 25 இற்குப் பதிலாக 28 ஆயிற்று. ஒரு மில்லியன் வரை இயக்கியபோது கிடைத்தது 78,665. அதாவது 167 அதிகம். ஆயிரத்துக்கு உட்பட்ட முதன்மை எண்கள் 168. அவற்றில் 2 ஐ நீக்கினால் எஞ்சுவது 167. மிகையாக வந்தவை அந்த 167 ஒற்றை முதன்மை எண்களின் வர்க்கங்கள்தாம் என்பதைப் பட்டியலைத் திறக்காமலே சொல்லக்கூடியதாக இருந்தது. வித்தியாசம் எத்தனை என்று பார்த்துவிட்டு உடனே நிரலைத் திருத்தப் போவதிலும், அந்த எண் வேறெங்கே வருகிறது என்று சற்று யோசிப்பது எவ்வளவோ பயன் தரும். மாணவர் இந்தப் பழக்கத்தை இங்கேதான் பிடித்துக்கொண்டார்கள். பின்னர் அது பெரிதும் உதவியது.

சல்லடை

வகுத்தலை முற்றாகக் கைவிட்டு எரதோஸ்தனிசின் சல்லடை முறைக்கு மாறியது அடுத்த படி. எண்களை வரிசையாக வைத்திருக்கும் அணியில் (array) ஒவ்வொரு முதன்மை எண்ணின் மடங்குகளையும் அடித்து நீக்கிச் செல்வதே இம்முறை. அடிப்பதை அம்முதன்மை எண்ணின் வர்க்கத்திலிருந்து தொடங்கினாற் போதும், ஏனெனில் அதற்குக் குறைந்த மடங்கு ஒவ்வொன்றுக்கும் அதனிலும் சிறிய முதன்மைக் காரணி ஒன்று இருப்பதால் அது முன்னரே அடிபட்டிருக்கும். இவ்வாறு செய்தால் ஒரு மில்லியனுக்கு அடிக்கவேண்டிய தடவைகள் ஏறத்தாழ 21 இலட்சத்து 22 ஆயிரம். ஒற்றை எண்களை மட்டும் அணியில் வைத்திருந்தால் ஏறத்தாழ 8 இலட்சத்து 11 ஆயிரம். தொடக்கத்தில் இருந்த 37 ஆயிரம் மில்லியனுக்கு மேற்பட்ட வகுத்தல்களோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தால், இத்தகைய வேகம் வேகமான கணினியை வாங்குவதால் கிடைப்பதன்று என்பது விளங்கும்.

நினைவகம் அடுத்த தடையாயிற்று. பைதனில் சாதாரணப் பட்டியல் ஒன்று ஒவ்வோர் உறுப்புக்கும் 8 பைட் எடுத்துக்கொள்ளும். ஆயிரம் மில்லியன் உறுப்புகளுக்கு 8 ஜிகாபைட். மாணவர் கையிலிருந்த மடிக்கணினியின் நினைவகமோ 4 ஜிகாபைட். பட்டியலை விட்டு பைட் அணிக்கு மாறியதும் ஓர் எண்ணுக்கு ஒரு பைட்டாகவும், ஒற்றை எண்களை மட்டும் வைத்ததும் மொத்தம் 500 மெகாபைட்டாகவும் அது குறைந்தது. ஒற்றை எண் ஒன்றுக்கு ஒரு பிட் என வைத்தால் 62.5 மெகாபைட். 2, 3, 5 ஆகிய மூன்றின் மடங்குகளையும் நீக்கிவிட்டு, 30 எண்களுக்கு எஞ்சும் 8 எண்களை ஒரு பைட்டில் அடைத்தால் 33.3 மெகாபைட். இவ்விறுதி முறை அழகானது; ஆயினும் அதைக் கைக்கொள்ள வேண்டாம் என்றே நான் சொன்னேன். அணியில் ஓர் எண் நிற்கும் இடத்தைக் குறிக்கும் சுட்டெண்ணிலிருந்து அவ்வெண்ணையும், எண்ணிலிருந்து சுட்டெண்ணையும் பெறும் கணக்கு அதில் சிக்கலாகிறது. எண்ணும் சுட்டெண்ணும் ஒன்றோடொன்று பொருந்தாமற் போவதே இவ்வகை நிரல்களில் பிழையின் ஊற்றுக்கண். அடுத்து நடந்ததும் அதுதான்.

1 நின்ற இடத்தில் 2

ஒற்றை எண்களை மட்டும் கொண்ட அணியில் சுட்டெண் 0 இல் 1, சுட்டெண் 1 இல் 3, சுட்டெண் 2 இல் 5 என்றவாறு எண்கள் நிற்கும். மாணவர் நிரல் 3 இலிருந்து அடிக்கத் தொடங்கி, முடிவில் அடிபடாது நின்ற உறுப்புகளை எண்ணியது. விடை 78,498. பத்து மில்லியனுக்கு 664,579. நூறு மில்லியனுக்கு 5,761,455. மூன்றும் நன்கறியப்பட்ட பெறுமானங்கள், மூன்றும் பொருந்தின.

“எண்ணிக்கை சரியா வருதுதானே சேர், இனி என்னத்தைப் பார்க்கிறது?” என்று ஒரு மாணவர் கேட்டார். “பட்டியலின்ர முதல் வரியைப் பாரும்” என்றேன். பட்டியல் 1, 3, 5, 7 எனத் தொடங்கியது. 1 முதன்மை எண்ணன்று; அதை எதுவும் அடிக்காததால் அது நின்றுவிட்டது. 2 முதன்மை எண். அணியில் இரட்டை எண்களுக்கு இடமே இல்லாததால் அது விடுபட்டுவிட்டது. ஒன்று கூடி ஒன்று குறைந்ததால் எண்ணிக்கை எந்த வரம்புக்கும் சரியாகவே வரும். வரம்பை எவ்வளவு கூட்டினாலும் எண்ணிக்கையைக் கொண்டு இப்பிழையைப் பிடிக்கவே முடியாது.

கூட்டுத்தொகையோ உடனே காட்டிக்கொடுத்தது. ஒரு மில்லியன் வரை நிரல் தந்த கூட்டுத்தொகை 37,550,402,022, இருக்கவேண்டியது 37,550,402,023. வித்தியாசம் ஒன்று. இக்கூட்டுத்தொகை 32 பிட்டில் அடங்காது. பைதனில் அது பற்றிக் கவலையில்லை. வேறு மொழியில் எழுதினால் கூட்டும் மாறியை 64 பிட்டாக வைக்கவேண்டும். கூட்டுத்தொகை கணிப்பது நிரலின் வேகத்தை ஏறக்குறையப் பாதிப்பதேயில்லை, ஆகவே எண்ணிக்கையுடன் கூட்டுத்தொகையையும் ஒவ்வொரு தடவையும் அச்சிடுவதென அன்றே முடிவுசெய்தோம்.

2 இற்குப் பதிலாக 1 எண்ணப்படுவதை, எண்ணும் நிரலில் மட்டும் வைத்துப் பார்த்தால் ஒரு சாமர்த்தியமான உத்தி என்றுகூடச் சொல்லலாம்; 1 இன் இடத்தை 2 இற்கு ஒதுக்கி வேண்டுமென்றே இவ்வாறு எழுதுவோரும் உண்டு. ஆனால் பட்டியலை அச்சிடும் நிரலாக அது மாறும் கணத்தில் அதே உத்தி பிழையாகிவிடுகிறது. மாணவரின் திருத்தம் இயல்பானதாகவே இருந்தது: 2 ஐக் கையால் பட்டியலின் தொடக்கத்தில் இடுவது, எண்ணுவதைச் சுட்டெண் 1 இலிருந்து தொடங்குவது. எண்ணிக்கை, கூட்டுத்தொகை, முதல் வரி யாவும் சரியாயின.

துண்டு துண்டாகச் சலித்தல்

அணி முழுவதையும் ஒரே தடவையில் நினைவகத்தில் வைப்பதை விட்டு, துண்டு துண்டாகச் சலிப்பதற்கு இரண்டு காரணங்கள் இருந்தன. முதலாவது வேகம். செயலியின் உள்ளே, மையநினைவகத்தைவிடப் பன்மடங்கு வேகமான பதுக்கு நினைவகம் உண்டு; பல செயலிகளில் அதன் முதல் மட்டத்தின் அளவு 32 கிலோபைட். 500 மெகாபைட் அணியொன்றில் பெரிய முதன்மை எண்ணின் மடங்குகளை அடித்துச் செல்லும்போது ஒவ்வோர் அடியும் நினைவகத்தின் வேறொரு மூலைக்குத் தாவுகிறது. செயலி தரவுக்காகக் காத்திருப்பதிலேயே நேரத்தைக் கழிக்கிறது. அணியை 32,768 பைட் கொண்ட துண்டுகளாக்கி, ஒரு துண்டின் வேலையை முழுதாக முடித்த பின்னரே அடுத்ததற்குச் சென்றால் அந்தக் காத்திருப்புப் பெருமளவு நீங்கும். இதற்காக அப்பகுதியைச் சீ மொழியில் எழுதினார்கள். ஆயிரம் மில்லியனுக்கு அடிப்படையாக வேண்டியவை அதன் வர்க்கமூலமான 31,622 வரையான முதன்மை எண்கள் மட்டுமே, அவை 3,401.

இரண்டாவது காரணம் மின்வெட்டு. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் நிறுத்தப்பட்ட காலத்தை அனுபவித்தவர்களுக்கு, நீண்ட நேரம் ஓடும் நிரலொன்று இடையில் நின்றுபோனால் தொடக்கத்திலிருந்து மீண்டும் ஓடவேண்டும் என்ற நிலை ஏற்கத்தக்கதன்று. துண்டு முடிந்ததும் துண்டின் எண், அதுவரையான எண்ணிக்கை, கூட்டுத்தொகை ஆகிய மூன்றையும் கோப்பில் எழுதினால், மின்சாரம் வந்த பின் அடுத்த துண்டிலிருந்து தொடரலாம். இதில் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. மூன்று பெறுமானங்களும் ஒன்றாகவே எழுதப்படவேண்டும். எண்ணிக்கை எழுதப்பட்டு, துண்டின் எண் எழுதப்படுமுன் மின்சாரம் போனால், மீளத் தொடங்கும்போது அத்துண்டு இருமுறை எண்ணப்படும். தற்காலிகக் கோப்பில் மூன்றையும் எழுதி மூடிய பிறகு அதன் பெயரை மாற்றுவது பாதுகாப்பான வழி.

துண்டின் எண்ணை க என்றும், துண்டுக்குள் சுட்டெண்ணை இ என்றும் கொண்டால், அவ்விடத்தில் நிற்கும் எண் 65,536 × க + 2 × இ + 1. முதல் துண்டு 1 இலிருந்து 65,535 வரை. இரண்டாவது துண்டு 65,537 இலிருந்து தொடங்கும். ஒவ்வொரு துண்டிலும் ஒவ்வோர் அடிப்படை முதன்மை எண்ணுக்கும் அடிக்கத் தொடங்கும் இடத்தைக் கணிக்கவேண்டும்: துண்டின் தொடக்கத்துக்குக் குறையாததும், அம்முதன்மை எண்ணின் வர்க்கத்துக்குக் குறையாததுமான முதல் ஒற்றை மடங்கு. வர்க்கம் பற்றிய நிபந்தனை விடுபட்டால் முதற்துண்டில் 3, 5, 7 முதலியன தம்மைத் தாமே அடித்துக்கொள்ளும். மாணவர் இதில் மிகுந்த கவனம் செலுத்தினர். இப்பகுதியில் பிழை இருக்கவில்லை.

நிரல் ஆயிரம் வரை 168, பத்தாயிரம் வரை 1,229 எனச் சரியாகத் தந்தது. 65,536 வரை இயக்கினால் 6,542; அதுவும் சரி. கூட்டுத்தொகைகளும் பொருந்தின. ஒரு மில்லியனுக்கு இயக்கியபோது 78,496 என்று வந்தது. இரண்டு குறைவு.

இரண்டு எண்களைத் தேடுதல்

பழைய நிரலின் பட்டியலையும் புதிய நிரலின் பட்டியலையும் வரிக்கு வரி ஒப்பிட்டால் விடை கிடைத்துவிடும். ஆனால் வரம்பு பெரிதாகும்போது முழுப் பட்டியலையும் கோப்பில் வைத்திருப்பது கடினம் என்பதால், பட்டியலின்றியே விடுபட்டவற்றைக் காணமுடியுமா என்று முயன்றோம். விடுபட்டவை இரண்டு என்பது எண்ணிக்கையிலிருந்து தெரிகிறது. கூட்டுத்தொகையில் குறைவு 851,970. வர்க்கங்களின் கூட்டுத்தொகையையும் இரு நிரல்களிலும் கணித்தபோது அதில் குறைவு 622,771,961,858. இரு எண்களின் கூட்டுத்தொகையும் அவற்றின் வர்க்கங்களின் கூட்டுத்தொகையும் தெரிந்தால் எண்கள் இரண்டையும் காண்பது சாதாரணதரக் கணிதம். 851,970 இன் வர்க்கம் 725,852,880,900. அதிலிருந்து 622,771,961,858 ஐக் கழித்து இரண்டால் வகுக்க இரு எண்களின் பெருக்கம் 51,540,459,521. இருபடிச் சமன்பாட்டைத் தீர்த்தால் வருபவை 65,537 உம் 786,433 உம்.

65,537 ஐக் கண்டவுடனேயே காரணம் விளங்கிவிட்டது. அது இரண்டாவது துண்டின் முதல் எண். 786,433 என்பது 65,536 × 12 + 1. பதின்மூன்றாவது துண்டின் முதல் எண். 1 ஐ விலக்குவதற்காக எண்ணுதலைச் சுட்டெண் 1 இலிருந்து தொடங்கிய அந்தப் பழைய திருத்தம், துண்டு நிரலுக்குள் அப்படியே எடுத்துவரப்பட்டு, ஒவ்வொரு துண்டிலும் முதல் உறுப்பைத் தள்ளிவிட்டிருந்தது. ஒரு மில்லியனுக்குள் துண்டின் முதலில் நிற்கும் மற்ற எண்கள் யாவும் சேர்த்தி எண்கள்: 131,073 மூன்றால் வகுபடும், 196,609 ஏழால், 262,145 ஐந்தால், 458,753 எழுபத்தொன்பதால். ஆகவே அவை தள்ளப்பட்டதால் தீங்கில்லை. பதினைந்து துண்டுகளில் முதல் உறுப்பு தவறவிடப்பட்டும் வெளியில் தெரிந்தது இரண்டில் மட்டுமே. முன்னைய பிழைக்குச் செய்த சரியான திருத்தம், சூழல் மாறியதும் பிழையாகிவிட்டது என்பதையும், பத்தாயிரம் வரையான எந்தச் சோதனையும் இதைத் தொட்டிருக்கவே முடியாது என்பதையும் சேர்த்து நோக்கவேண்டும். சோதனைகள் முழுவதும் முதற்துண்டுக்குள்ளேயே நடந்திருந்தன. துண்டுகளாக்குதல் என்ற மாற்றத்தை அவற்றுள் ஒன்றுகூடச் சோதிக்கவில்லை.

இதற்கு நான் பரிந்துரைத்த வழி, வரம்பைப் பெரிதாக்குவதன்று, துண்டைச் சிறிதாக்குவது. துண்டின் அளவை நிரலில் மாறியாக வைத்து, 8 ஒற்றை எண்கள் மட்டும் கொண்ட துண்டுகளுடன் நூறு வரை இயக்கிப் பார்த்தார்கள். துண்டுகள் 17, 33, 49, 65, 81, 97 ஆகியவற்றில் தொடங்கும். பிழையுள்ள நிரல் 17 ஐயும் 97 ஐயும் விட்டுவிட்டு 23 என்று விடை தந்தது. கண்ணால் பார்த்தே சொல்லக்கூடிய பிழை. ஒரு மில்லியனில் இருபடிச் சமன்பாடு வரை சென்று தேடவேண்டியிருந்ததை, துண்டைச் சிறிதாக்கியதும் ஆறாம் வகுப்பு மாணவர்கூடச் சுட்டிக்காட்டலாம். துண்டில் ஓர் எண், மூன்று எண், எட்டு எண், ஆயிரம் எண் என அளவை மாற்றி மாற்றி இயக்கினாலும் பட்டியல் ஒரு சிறிதும் மாறக்கூடாது என்பதே இந்நிரலுக்கு நாம் வைத்த மிகக் கடுமையான சோதனை. வெளியிலிருந்து எந்த விடையும் தெரியாத நிலையிலும் இச்சோதனையைச் செய்யலாம் என்பது அதன் பெரும் பலம். துண்டு என்ற எல்லை நாமே உண்டாக்கியது. எண்களுக்கு அப்படியோர் எல்லை இல்லை. ஆகவே விடை அந்த எல்லையைச் சார்ந்து மாறுமானால் அது நிரலின் குற்றமாகவே இருக்கும்.

வெளியிலிருந்து எடுக்கும் விடையும் பிழைக்கலாம்

நன்கறியப்பட்ட பெறுமானங்களோடு ஒப்பிடுவது நல்லதே. ஆயினும் அப்பெறுமானங்களுக்கும் வரலாறு உண்டு. ஜேர்மனியின் கீல் நகரப் பாடசாலையொன்றின் அதிபராக இருந்த ஏர்ன்ஸ்ற் மைசல், கணினி எதுவுமில்லாத காலத்தில் 1870 இல் நூறு மில்லியன் வரையான முதன்மை எண்களின் எண்ணிக்கையை 5,761,455 எனச் சரியாகக் கணித்தார். 1885 இல் ஆயிரம் மில்லியனுக்கு அவர் தந்தது 50,847,478. அது 56 குறைவு என்பது 1959 இல் டெரிக் ஹென்றி லேமர் ஐபிஎம் 701 கணினியைக் கொண்டு கணித்த பின்னரே வெளிப்பட்டது; சரியான பெறுமானம் 50,847,534. அதே லேமர் பத்தாயிரம் மில்லியனுக்குத் தந்த விடை ஒன்றால் பிழைத்தது. எழுபது ஆண்டுகளுக்கு மேல் அச்சில் இருந்த ஓர் எண்ணே பிழையாக இருக்கலாம் என்றால், எங்கோ பார்த்து எழுதிவைத்த விடையொன்றை மட்டும் நம்பி நிரலைத் திருத்தப் புகுவது கூடாது. எண்ணிக்கையை நேரடியாகப் பட்டியலிடாமல் கணிக்கும் மைசலின் முறையும் பட்டியலிட்டுச் சலிக்கும் முறையும் முற்றிலும் வெவ்வேறானவை. இரண்டும் ஒரே விடைக்கு வரும்போதுதான் அந்த விடைக்கு உறுதி கிடைக்கிறது.

ஆகவே சல்லடையோடு எந்தத் தொடர்பும் இல்லாத இரண்டாவது சரிபார்ப்பு நிரல் ஒன்று வேண்டியிருந்தது. சல்லடை நிரலின் ஒரு வரியைக்கூடப் பார்க்காத மாணவி ஒருவரிடம் அவ்வேலை ஒப்படைக்கப்பட்டது. அவர் முதலில் எண்ணியது பெர்மாவின் சோதனையை: 2 ஐ, எண்ணிலும் ஒன்று குறைந்த அடுக்குக்கு உயர்த்தி, அந்த எண்ணால் வகுக்க மீதி 1 வருகிறதா எனப் பார்ப்பது. இது வேகமானது, ஆனால் 341 ஐயும் 561 ஐயும் முதன்மை எண் என்று சொல்லிவிடும். 341 என்பது 11 × 31. 561 என்பது 3 × 11 × 17. ஒரு மில்லியனுக்குள் இவ்வாறு ஏமாற்றும் எண்கள் 245. இதை விட்டுவிட்டு, இதனிலும் கடுமையான மில்லர்–ரபின் சோதனையை 2, 3, 5, 7 ஆகிய நான்கு அடிகளுடன் (அடுக்குக்கு உயர்த்தப்படும் எண்களுடன்) பயன்படுத்துவது பொருத்தம். 3,215,031,751 இற்குக் குறைந்த எந்த எண்ணுக்கும் அது பிழையாது.

அதற்கிடையில் அவர் ஜாவாவில் சாதாரண வகுத்தல் நிரலொன்றையும் எழுதியிருந்தார். எழுந்தமானமாகத் தெரிவுசெய்த எண்களில் இரு நிரல்களும் ஒத்துப்போயின. கண்காட்சி வரம்புக்கு அப்பாலும் பார்ப்போம் என்று சல்லடையை 32 பிட் முழு எண்ணின் உச்சப் பெறுமானத்துக்கு அருகே இயக்கியபோது ஒரே ஓர் எண்ணில் முரண் எழுந்தது: 2,147,483,647. சல்லடை அதை முதன்மை எண் என்றது; வகுத்தல் நிரல் நீண்ட நேரம் ஓடிவிட்டு அல்ல என்றது. முதலில் எல்லோரும் சல்லடையைத்தான் சந்தேகித்தனர், ஏனெனில் இருமுறை பிழைவிட்டது அதுவே. ஆனால் இந்த எண் முதன்மை எண் என்பதை 1772 இலேயே ஒய்லர் நிறுவிவிட்டார்.

பிழை சரிபார்ப்பு நிரலில் இருந்தது. வகு எண்ணின் வர்க்கம் சோதிக்கப்படும் எண்ணை விஞ்சும்போது வளையம் நிற்கவேண்டும். 46,340 இன் வர்க்கம் 2,147,395,600. அது 32 பிட்டில் அடங்கும். 46,341 இன் வர்க்கம் 2,147,488,281, அது அடங்காது. ஜாவாவில் அது நிரம்பி வழிந்து மறை எண்ணாகிவிடும். மறை எண் எப்போதும் சிறியது, ஆகவே வளையம் தொடரும். மேலும், 2,147,483,647 என்பது அந்த வகை மாறியில் இருக்கக்கூடிய மிகப் பெரிய எண் என்பதால் எந்த வர்க்கமும் அதை விஞ்சவே முடியாது. வகு எண் ஏறிக்கொண்டே போய், கடைசியில் 2,147,483,647 ஐயே அடைந்து, எண்ணைத் தன்னாலேயே வகுத்து, மீதியில்லை என்பதைக் கண்டு, முதன்மை எண்ணன்று எனத் தீர்ப்பளித்தது. 2,147,395,600 இற்குக் கீழே இந்நிரல் ஒருபோதும் பிழைக்காது. வர்க்கத்தைக் கணிக்கும் மாறியை 64 பிட்டாக்கியதும், அல்லது பெருக்குவதை விட்டு எண்ணை வகு எண்ணால் வகுத்த ஈவோடு ஒப்பிட்டதும், கோளாறு நீங்கிற்று. சீ மொழியில் இதே வழிதல் நேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அம்மொழியின் விதிகளே உத்தரவாதம் தருவதில்லை. ஒருவரின் கணினியில் சரியாக ஓடியது இன்னொருவரின் கணினியில் பிழைக்கலாம். எனவே அங்கே இன்னும் கூடிய கவனம் வேண்டும்.

இறுதி நிலை

திருத்தப்பட்ட நிரலில் 1 ஐ விலக்கும் வேலை எண்ணும் இடத்திலிருந்து எடுக்கப்பட்டு, முதற்துண்டைத் தயார் செய்யும் இடத்தில் ஒரு தடவை மட்டும் செய்யப்படுகிறது. சுட்டெண் 0 அங்கேயே அடிக்கப்பட்டுவிடுவதால், எண்ணும் பகுதி எல்லாத் துண்டுகளையும் ஒரேவிதமாக நடத்துகிறது. விதிவிலக்கு எந்தத் துண்டுக்கு உரியதோ அத்துண்டிலேயே அது இருக்கவேண்டும் என்பது எனது உறுதியான கருத்து.

ஆயிரம் மில்லியனுக்கு 15,259 துண்டுகள். கடைசித் துண்டு 999,948,289 இல் தொடங்கி, வெட்டாமல் விட்டால் ஆயிரம் மில்லியனையும் தாண்டிச் செல்லும். வரம்புக்கு அப்பாலுள்ள 1,000,000,007 உள்ளே வந்துவிடுகிறதா என்று தனியாகப் பார்க்கப்பட்டது. வரவில்லை. பட்டியலின் இறுதி எண் 999,999,937. எண்ணிக்கை 50,847,534, கூட்டுத்தொகை 24,739,512,092,254,535. துண்டின் அளவை மாற்றி மீள இயக்கியபோதும் இம்மூன்றும் மாறவில்லை. எழுந்தமானமாகத் தெரிவுசெய்த துண்டுகளும், எல்லாத் துண்டுகளின் முதல் உறுப்புகளும் கடைசி உறுப்புகளும் மில்லர்–ரபின் நிரலால் தனித்தனியே சோதிக்கப்பட்டுப் பொருந்தின. ஓட்டத்தின் நடுவே மடிக்கணினியின் மின்னிணைப்பை வேண்டுமென்றே துண்டித்தும் பார்க்கப்பட்டது. மீளத் தொடங்கிய நிரல் அதே விடைக்கு வந்து சேர்ந்தது.

பத்தாயிரம் மில்லியனுக்குச் செல்ல மாணவர் விரும்புகின்றனர். அதற்கு அடிப்படை முதன்மை எண்கள் ஓர் இலட்சம் வரை வேண்டும், அவை 9,592. அவற்றில் 46,340 இற்கு மேற்பட்ட ஒவ்வொன்றின் வர்க்கமும் 32 பிட் குறியுடை முழு எண்ணில் அடங்காது என்பதால், சல்லடையில் அடிக்கத் தொடங்கும் இடத்தைக் கணிக்கும் வரிகள் அனைத்தும் முதலில் 64 பிட்டுக்கு மாற்றப்படவேண்டும். அவ்வரம்பில் நான்கு அடிகளைக் கொண்ட மில்லர்–ரபின் சோதனையும் போதாது. அடிகளின் தொகுதி விரிவாக்கப்படவேண்டும். எதிர்பார்க்கவேண்டிய எண்ணிக்கை 455,052,511.